இறக்க ஆள் இல்லாத கொடி

1

பக்கத்து வீட்டுக்காரம்மா பெரித்துக்கு எழுபத்தெட்டு வயசு. மே மாசம் பதினேழாம் தேதி காலை எட்டு மணிக்கு அவங்க வீட்டு வாசல் கம்பத்தில் நார்வேக் கொடி ஏறும். எட்டுன்னா எட்டுதான், எட்டே கால் கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்குள்ள இறக்கிறணும். இங்க அந்த நேரத்துக்கும் வெயில் பளீர்னு அடிக்கும், இன்னும் கொஞ்ச நேரம் பறந்தா என்னவாம்னு முதல் வருசம் கேட்டேன். "ஏற்றினால் இறக்க வேண்டும் வசந்தி, இறக்கத் தெரியாதவர்கள் ஏற்றவே கூடாது" என்றார். துணி தரையில் படக் கூடாது. அதனால் ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையை நான் பிடிப்பேன். பன்னிரண்டு வருசமா இது என் உத்தியோகம்.

மே பதினேழு இங்கே நார்வேயில் தேசிய நாள். எங்க ஊர் சின்னது, கடலை ஒட்டின மீன் ஃபேக்டரி ஊர். அன்னைக்குப் பிள்ளைகள் எல்லாம் கையில் கொடியோடு ஊர்வலம் போவாங்க, ஐஸ்கிரீம் சாப்பிடுவாங்க, வீட்டுக்கு வருவாங்க. பதினேழு வயசு ஆன என் மகள் அபிராவும் போனாள். நான் ரோட்டோரம் நின்று சிரிச்சுக்கிட்டே படம் எடுத்தேன்.

மறுநாள் மே பதினெட்டு. அது எந்த நாள்னு இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கை யுத்தத்தோட கடைசியில், கடல் கரையில் எங்க சனம் கொத்துக் கொத்தாச் செத்த நாள். பக்கத்துப் பட்டணத்தில் மெழுகுவர்த்தி ஏத்திக் கூடுவாங்க. என் வீட்டுக்காரர் சிவநேசன் வருசா வருசம் போவார். இந்த வருசம் அபிராவும் கூடப் போனாள். எனக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட். போயிட்டு வரட்டும், மெழுகுவர்த்திதானேன்னு விட்டேன்.

பத்தொன்பதாம் தேதி காலை, சாப்பாட்டு இடைவேளையில் என் பக்கத்தில் நின்னு சால்மன் மீன் முள் எடுக்கிற போலந்துக்காரி போனை நீட்டினாள். "உன் மகள்தானே? பேப்பரில் வந்திருக்கிறாள், எவ்வளவு அழகு!"

அழகாத்தான் இருந்தாள். கண்ணு ரெண்டும் கலங்கி, தலைமுடி காத்தில் பறக்க, முன் வரிசையில் நின்றாள். ரெண்டு கையாலும் ஒரு கொடியை நெஞ்சுக்கு நேராப் பிடிச்சிருந்தாள். சிவப்புத் துணி, நடுவில் மஞ்சள் வட்டம். கீழே அவள் பேரு, வயசு, எங்க ஊர்ப் பேரு எல்லாம் சுத்தமாப் போட்டிருந்தாங்க.

கையுறையைக் கழட்டக்கூட மறந்து, மீன் வாடையோட அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துட்டேன்.

2

எதுக்கு இவ்வளவு பயம்னு கேப்பீங்க. என் பாஸ்போர்ட் அப்ப இந்தியன் எம்பசியில் இருந்தது. கொடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

ஆனி மாசம் எங்க அக்கா பூமணியின் மகளுக்குக் கல்யாணம். அக்கா இன்னும் மண்டபம் அகதி முகாமில்தான் இருக்கா. முப்பத்தஞ்சு வருசமா அதே வரிசை வீடு. அத்தான் பெயிண்ட் வேலை, ராமநாதபுரத்தில் பாதி வீடு அவர் அடிச்ச சுண்ணாம்புதான். மாப்பிள்ளை சாயல்குடிக்காரர், உப்பளத்தில் லாரி ஓட்டுறவர், உள்ளூர்க் குடும்பம். "கேம்ப்புப் பொண்ணா"ன்னு அவங்க வீட்டில் ஒரு வருசம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்து, இப்பத்தான் இறங்கி வந்திருக்காங்க. எனக்கு விசா கிடைக்கட்டும்னு அக்கா முகூர்த்தத்தையே ஒரு மாசம் தள்ளி வச்சிருக்கா. அம்மா பாதி நாள் காய்ச்சலில் கிடந்த காலத்தில் எனக்குத் தலை சீவி, பேன் பாத்து, பள்ளிக்கூடம் அனுப்பினவ அவதான். அவ மகள் கல்யாணத்துக்கு நான் நிக்கலைன்னா நான் என்ன தங்கச்சி?

விசா படிவத்தை நிரப்ப எனக்கு மூணு நாள் ஆச்சு. பிறந்த நாடு, இலங்கை. இப்போதைய குடியுரிமை, நார்வே. இதற்கு முன் இந்தியாவில் தங்கிய முகவரி? அந்தக் கட்டத்தைப் பாத்து எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பதினாலு வருசத்துக்கு முந்தி போனப்ப ஒரு வாரம் மண்டபத்தில் லாட்ஜில் தங்கினேன், அந்த முகவரியை எழுதினேன். முகாமுக்குள்ள வெளியாள் தங்கக் கூடாது. ஏழு வயசுக் குழந்தையா மணல்திட்டில் இறக்கி விடப்பட்டு, கல்யாணமாகிற வரைக்கும் வளர்ந்த வீட்டுக்கு நான் வெளியாள். அதை எழுத அந்தக் கட்டத்தில் இடம் இல்லை.

இப்ப சொல்லுங்க. அந்தப் படிவத்தை ஒருத்தர் கையில் வச்சுக்கிட்டு, அம்மா பேரு, மகள் பேரு, ஊருப் பேருன்னு போனில் தட்டிப் பாத்தா? இந்தியாவில் தடை பண்ணின கொடியோட என் மகள் வந்து நிப்பாள். விசா போனா எனக்குத்தான் நட்டம். அதோட நிக்காம, உன் தங்கச்சி மகள் யாருன்னு அக்காவைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டா? சாயல்குடிக்காரங்க காதுக்குப் போனா?

3

சாயங்காலம் வீட்டில் ஒரே ரகளை.

"பேப்பர்ல போட்டுட்டாங்க. பாத்தீங்களா? எந்தக் கொடின்னு தெரிஞ்சும் அவ கையில குடுத்தீங்களா?" என்றேன்.

சிவநேசன் யாழ்ப்பாணத்து ஆள். குரலை உயர்த்தவே மாட்டார், அதுவே எனக்கு எரிச்சல். "நான் குடுக்கேல்லையப்பா, அவளாத்தான் கேட்டு வாங்கினவள். இஞ்ச பிடிச்சா ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம். உமக்கு என்ன பயம்?"

"இங்க சொல்ல மாட்டாங்க. எங்க அக்கா அங்கல்ல இருக்கா?"

"அது செத்தவையின்ர பெட்டிக்கு மேல போர்த்தின துணி. அதை நான் எப்பிடிக் கீழ வைப்பன்? இறக்கிறதுக்கு ஒருத்தரும் மிஞ்சேல்லை, அதால அது இன்னும் எங்கட கையில இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "போர்த்துறதுக்கு எங்க அண்ணன் உடம்பே கிடைக்கலையே! யாரு பெட்டியப் பத்திப் பேசுறீங்க? என் கூடப் படிச்ச பாத்திமாவோட பெரியம்மா குடும்பம் மன்னார்லேருந்து கட்டின துணியோட விரட்டப்பட்டு வந்துச்சு. முஸ்லிமாப் பொறந்தது ஒண்ணுதான் குத்தம். விரட்டினவங்க இந்தக் கொடிக்காரங்கதான். அவ முன்னாடி இதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்களா?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, "அது பிழைதான்" என்றார். "பிழையையும் சேர்த்துத்தான் எங்கடது."

அபிரா அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பாத்தாள். "இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றாள். சொல்லவே இல்லைதான். அப்பாக்காரர் வீரத்தைச் சொன்னார், நான் வாயை மூடிக்கிட்டேன். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து அவளுக்குப் பாதிக் கதைதான் கொடுத்திருக்கோம்.

பிறகு அவளுக்கும் கோபம் வந்துருச்சு. "முந்தநாள் நான் நார்வேக் கொடி பிடிச்சன், நீங்க சிரிச்சுப் படம் எடுத்தீங்கள். அடுத்த நாள் மாமாவுக்காக ஒரு கொடி பிடிச்சன், அழுறீங்கள். நான் மாமாவின்ர முகத்தைக் கண்டதே இல்லை. படம் கேட்டா, பெரியம்மாட்ட இருக்கு, போகேக்க பாக்கலாம் எண்டு சின்னனில இருந்து சொல்லுறீங்கள். எனக்கு அவர்ட்ட இருந்து தெரிஞ்சது அந்தக் கொடி மட்டும்தானே அம்மா?"

அவள் கதவைச் சாத்திக்கிட்டாள். நான் அடுப்படியில் நின்று ஏற்கெனவே கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவினேன்.

4

தேவன் அண்ணன் வீட்டை விட்டு இயக்கத்துக்குப் போனப்ப அவனுக்குப் பதினேழு, எனக்கு ஆறு. யாரும் இழுத்துக்கிட்டுப் போகலை, அவனாத்தான் போனான். சைக்கிளின் முன் பாரில் என்னை உட்கார வச்சு வாய்க்கால் வரைக்கும் கொண்டு போவான். முன்னாடி உட்கார்ந்தா தெரியுறது ஹேண்டில் பாரில் இருக்கிற ரெண்டு கை மட்டும்தான். அதனால் அந்தக் கை இன்னும் ஞாபகம் இருக்கு, வலது கட்டை விரலில் ஒரு வெட்டுத் தழும்பு.

அடுத்த வருசம் அவன் இல்லாமத்தான் படகேறினோம். மண்டபத்தில் முதலில் எங்களைத் தாங்காத ஆள் இல்லை. கஞ்சி, பழைய துணி, பிள்ளைகளுக்கு வெல்லம்னு ஊரே கொண்டு வந்து கொடுத்துச்சு. அதுக்கப்புறம் அந்த நாட்டுத் தலைவர் ஒருத்தரை அண்ணன் சேர்ந்த இயக்கத்துக்காரங்க குண்டு வச்சுக் கொன்னுட்டாங்க. ஒரே ராத்திரியில் வெல்லம் கொடுத்த கை உள்ளே போயிருச்சு. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். அண்ணன் எழுதின கடுதாசி எல்லாத்தையும் அம்மா அடுப்பில் போட்டா. இயக்கத்தோட பேரையே எங்க வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. இதை எழுதுறப்பகூட எனக்குச் சொல்ல வரலை, பாத்தீங்களா.

கடுதாசிகள் எரிஞ்சு ரெண்டு வருசம் கழிச்சு, படகில் வந்த ஒரு குடும்பம் அண்ணன் செத்த சேதியையும் ஒரு படத்தையும் கொண்டு வந்தது. கையகலப் படம். அண்ணன் நிக்கிறான், பின்னாடி சுவரில் அந்தக் கொடி. அவன் எடுத்துக்கிட்ட படம் அது ஒண்ணுதான். அம்மா அதையும் எரிக்கப் போனா, கை வரலை. முருகன் படத்தோட பின் அட்டையைப் பிரிச்சு, உள்ளே வச்சு, திரும்ப ஆணி அடிச்சுட்டா. அம்மா போன பிறகு அக்கா அந்த முருகனைக் காத்து வந்தா. முகாமில் தலை எண்ணிக் கணக்கெடுக்க ஆள் வர்ற நாளில் நாங்க வரிசையில் நிக்கிறப்ப, அக்கா கண்ணு அந்தச் சுவர்ப் பக்கமே போகாது. அவ அந்தப் பக்கம் பாக்காம இருக்கிறதை வச்சே நான் பயந்துக்குவேன்.

பதினாலு வருசத்துக்கு முந்தி நான் போனப்ப, கதவைச் சாத்திட்டு ரெண்டு நிமிசம் காட்டினா. போனில் ஒரு படம் எடுத்துக்கட்டுமாக்கான்னு கேட்டேன். கேட்ட வாயை நானே மூடிக்கிட்டேன். ஏர்போர்ட்டில் போனைத் திறந்து பாத்தா? எடுக்கலை.

5

இருபதாம் தேதி அக்காவுக்குப் போன் போட்டேன். மறைச்சுப் பேச எனக்குத் தெரியும், ஆனா அன்னைக்கு வெளிப்படையாவே சொன்னேன். அபிரா கொடி பிடிச்சது, பேப்பரில் வந்தது, பேரு போட்டது, என் பாஸ்போர்ட் எம்பசி கையில் இருக்கிறது, எல்லாத்தையும்.

அக்காவுக்குப் பின்னாடி தண்ணிக் குழாயடியில் பொம்பளைங்க சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன். பிள்ளைய வையாத. அவளுக்கு என்ன தெரியும்."

"யாராச்சும் வந்து கேட்டாங்கன்னா..."

"சரி, போன வையி" என்றாள். அவ்வளவுதான்.

நான் பயந்ததை அவ தலையில் இறக்கி வச்சுட்டு, எனக்குக் கொஞ்சம் பாரம் குறைஞ்ச மாதிரி இருந்தது. வெக்கமா இருக்கு, ஆனாலும் சொல்றேன், அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

மறுநாள் பேப்பர்க்காரங்களுக்கு எனக்குத் தெரிஞ்ச நார்வீஜியனில் கடிதம் எழுதினேன். அபிரா அதை வாங்கிப் படிச்சு, ஒன்பது இடத்தில் திருத்தினாள். அனுப்பக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டேதான் திருத்தினாள். பொது இடத்தில் எடுத்த படம், நீக்க மாட்டோம், வேணும்னா பேரை எடுத்துடறோம்னு மரியாதையாப் பதில் வந்தது. பேரை எடுத்தாங்க. முகம் அங்கேயே இருந்தது.

அதுக்கப்புறம் காத்திருந்தேன். ஃபேக்டரியில் ரெண்டு தடவை விரலை வெட்டிக்கிட்டேன். அக்கா போன் எடுக்கலை. கல்யாண வேலை, பிறகு பேசறேன்னு ஒரு குரல் செய்தி மட்டும் வந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கு வம்பு வரவேண்டாம்னு நானும் விட்டுட்டேன்.

6

பெரித் ஒருநாள் காப்பிக்குக் கூப்பிட்டார். என் முகத்தைப் பாத்தே கேட்டார். எல்லாம் சொன்னேன். கொடியைப் பத்திச் சொல்றப்ப, இந்த வெள்ளைக்காரக் கிழவிக்கு என்ன புரியப் போகுதுன்னுதான் நினைச்சேன்.

அவர் எழுந்து போய் ஒரு பழைய ஆல்பத்தைக் கொண்டு வந்தார். ஒரு படத்தில் இளைஞன் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். அவனுக்கு இடது கையே இல்லை. அந்தப் பக்கத் தோளிலிருந்து கீழே படம் வெட்டப்பட்டிருந்தது.

"என் தாய்மாமன்" என்றார். "யுத்தத்தில் ஜெர்மன்காரர்களோடு சேர்ந்து, அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டான். இந்த ஊர் எங்களிடம் எத்தனை வருடம் பேசவில்லை தெரியுமா? சட்டைக் கையில் அவர்களுடைய சின்னம் இருந்தது. அம்மா கத்தரிக்கோலால் அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டாள். அவன் செய்ததை மன்னிக்க மாட்டேன், முகம் எங்கள் வீட்டு முகம், அது இருக்கட்டும் என்றாள்."

அட, இவ்வளவுதானான்னு இருந்தது எனக்கு! முப்பது வருசம் முருகன் முதுகில் ஒளிச்சு வச்சோமே, அண்ணனுக்குப் பின்னாடி இருக்கிற சுவரை மட்டும் நறுக்கி எறிஞ்சிருந்தா ஆல்பத்திலேயே ஒட்டியிருக்கலாமே!

வீட்டுக்கு வந்து அபிராகிட்டச் சொன்னேன். "வெட்டினா அது பொய்யெல்லோ? அவர் அந்தக் கொடிக்கு முன்னால நிண்டவர்தானே" என்றாள் முதலில். சாப்பிட்டு முடிச்சுத் தட்டை வைக்கிறப்ப மெதுவாச் சொன்னாள், "சரி. முகமாவது வேணும். பெரியம்மாட்ட நானே கேக்கிறன். வெட்டிற இடத்தை நான் சொல்லுவன்." அபிராவும் கல்யாணத்துக்கு வரப்போறாள்னு எனக்கு அப்பத்தான் தெரியும். அதுவரைக்கும் இந்தியாவில் வெயில், வர மாட்டேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாள். அவள் நார்வேயில் பிறந்தவள், அவளுக்குத் தனியா விசா போட்டுக்கலாம்னு சிவநேசன் சொன்னார். முதலில் என்னுடையது வரட்டும்னேன்.

7

வந்தது. இங்கே தபால் ஆபீஸ் என்பது பலசரக்குக் கடையில் ஒரு மூலை. உருளைக்கிழங்குக் கூடைக்குப் பக்கத்தில் நின்று உறையைக் கிழிச்சேன். விசா ஒட்டியிருந்தது. யாரும் எதுவும் கேட்கலை. பேப்பரைப் பாத்தாங்களா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. முருகா முருகான்னு கடையிலேயே சத்தமாச் சொல்லிட்டேன்.

வீட்டுக்கு ஓடி வந்து அக்காவைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை எடுத்தா. அபிராவும் கேக்கட்டும்னு ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா ஓன்னு அழுதா, பிறகு சிரிச்சா, பட்டுச்சேலை எனக்கும் எடுத்திருக்காளாம், மாம்பழக் கலராம்.

"அக்கா, உன்னை யாராச்சும் கூப்பிட்டு விசாரிச்சாங்களா?"

"ஒருத்தரும் வரலடி. சாயல்குடியிலேருந்து நேத்துதான் தாம்பூலத் தட்டு வந்துச்சு."

"அப்பாடா. உன்கிட்ட அபிரா ஒண்ணு கேக்கணுமாம்."

அபிரா போனுக்குக் கிட்ட வந்தாள். "பெரியம்மா, மாமாவின்ர படத்தை நாங்க வரேக்க எடுத்து வைப்பீங்களா? கொடி வேண்டாம், வெட்டலாம். முகம் மட்டும் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

இணைப்பு போயிருச்சோன்னு பாத்தேன், போகலை.

"அது இல்லையே தங்கம்" என்றா அக்கா.

"இல்லையெண்டா?"

"உங்கம்மா போன் பண்ணுன மறுநாள் காலைல, கணக்கெடுக்க வர்றதுக்கு முந்தியே ஆணியப் பிரிச்சு அடுப்புல போட்டுட்டேன். பிள்ளைக்குக் கல்யாணம் நிக்குதே, நான் என்னடி பண்ணுவேன்?" அவ குரல், எனக்கு ஏழு வயசில் படகில் கேட்ட குரலா மாறிருச்சு. "அம்மாவால முடியல. எனக்கு முடிஞ்சிருச்சு."

"முகத்தை மட்டும் வெட்டி வச்சிருக்கலாமேக்கா" என்றேன். கேட்டிருக்கவே கூடாது.

"தோணலயேடி வசந்தி. கல்யாணத்துக்கு ஜாக்கெட்டு வெட்டிக்கிட்டிருந்தேன். கத்திரிக்கோலு பக்கத்துலதான் கெடந்துச்சு."

போனை வச்ச பிறகு நானும் அபிராவும் மேசையில் எதிரும் புதிருமா உட்கார்ந்திருந்தோம். கத்துவாள்னு எதிர்பாத்தேன். அவள் ஒரு பேப்பரையும் பென்சிலையும் எடுத்து வந்தாள். நல்லாப் படம் வரைவாள்.

"அம்மா, நீங்க பாத்தனீங்கள்தானே. சொல்லுங்கோ, நான் கீறுறன். மாமாவின்ர முகம் எப்பிடி?"

கண்ணை மூடிக்கிட்டேன். கதவு சாத்தின அந்த வீடு, அக்கா கையில் அந்தப் படம், எல்லாம் வந்தது. சட்டையில் ரெண்டாவது பொத்தான் இல்லை, சொன்னேன். வலது கட்டை விரலில் தழும்பு, சொன்னேன். பின்னாடி சுவரில் சிவப்புத் துணி, மஞ்சள் வட்டம், ஓரத்தில் ஒரு மடிப்பு, ஒரு நூல் விடாமச் சொன்னேன். அவள் பென்சில் எல்லாத்தையும் கீறியது.

"முகம், அம்மா" என்றாள்.

நானும் அதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். வரலை.